லுவார் நதிக்கரை ஊர்களும் அணைக்கரை வழியும்

பிரான்சு தேசத்து நதிகளுள் நீளத்தால் முதலிடம் பெறுவது லுவார். தெற்கே ஆர்தேசு மலைநாட்டில் ஊற்றெடுக்கும் இந்நதி முதலில் வடக்கு நோக்கி ஓடி, ஓர்லெயான் நகரை அணுகியதும் மேற்கே திரும்பி, புளுவா, தூர், சொமூர், நாந்து ஆகிய நகரங்களைத் தொட்டுச் சென்று அத்திலாந்திக்குச் சமுத்திரத்திற் கலக்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 1,010 கிலோமீற்றர். பிரான்சின் நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்கின் நீர் இந்நதி வழியே கடலை அடைகின்றது எனின் இதன் பெருமை ஒருவாறு விளங்கும்.

லுவார் என்றவுடன் பலர் நினைவிற்கு வருவன அதன் கரையிலும் அயலிலுமுள்ள அரண்மனைகளே. சாம்போர், புளுவா, அம்புவாசு முதலியன மன்னர்தம் செல்வச் செருக்கிற்குச் சான்றாக நிற்கின்றன. ஆயின், அரண்மனைகளை மாத்திரம் கண்டு திரும்புவோர் நதியின் வரலாற்றைக் கண்டவராகார். சாம்போர் மாளிகையின் கல் எத்துறையில் இறங்கியது? மன்னர் உண்ட உப்பையும் அருந்திய மதுவையும் ஏற்றி வந்தோர் யாவர்? பெருவெள்ளத்தில் அழிந்தவை எவர் வீடுகள்? இவ்வினாக்களுக்கு விடை தருவன கரையோரத்துச் சிற்றூர்களே. அவ்வூர்களை ஒன்றோடொன்று இணைத்து நிற்பது நதியின் நீண்ட அணைக்கரை. இன்று அக்கரைமீது துவிச்சக்கர வண்டி வழியொன்று செல்கின்றது. ஊர்களின் வரலாற்றையும், அணைக்கரையின் வரலாற்றையும், அவ்விரண்டும் தம்முட் கொண்டுள்ள தொடர்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நதியின் இயல்பும் தோணியும்

லுவார் நிலையான குணமுடைய நதியன்று. கோடையில் மணற்றிட்டுக்கள் வெளிப்பட்டு, நீர் பல கிளைகளாகப் பிரிந்து, சில இடங்களில் முழங்காலளவே ஓடும். மாரியிலோ, மலைநாட்டு மழையும் சமுத்திரத்து மழையும் ஒருங்கே சேருங்காலத்து, அதே நதி கரை கொள்ளாது பெருகும். இத்தகைய ஆற்றில் ஆழமான அடிப்பாகமுடைய கலங்கள் செல்ல முடியாது. ஆகவே தட்டையான அடியும் மிகக் குறைந்த நீரில் மிதக்குந் தன்மையும் உடைய கலங்களையே கரைவாழ் மக்கள் அமைத்துக்கொண்டனர். அவற்றுட் பெரியது சாலான் எனப்படும். சிறியவை தூ, பியூத்திரோ முதலிய பெயர்களாற் குறிக்கப்படும். மேலைப் பகுதியில் ஊசியிலை மரப் பலகைகளாற் செய்யப்பட்ட ஒருவகைத் தோணிகள் ஒரே முறைதான் பயணஞ் செய்யும். சரக்கை இறக்கியதும் அவற்றை உடைத்து மரமாக விற்றுவிடுவர். நீரோட்டத்தை எதிர்த்து அவற்றைத் திருப்பிக் கொண்டுசெல்லும் செலவிலும் புதியன செய்யும் செலவு குறைவாயிருந்தமையே இதற்குக் காரணம்.

லுவார் நதிக்கு இயற்கை அளித்த பெருங்கொடை ஒன்றுண்டு. நதி கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் நீண்ட பகுதியில், காற்றுப் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகின்றது. ஆகவே, கடலை நோக்கிச் செல்வோர் நீரோட்டத்தின் துணையாலும், உள்நாட்டை நோக்கி வருவோர் காற்றின் துணையாலும் பயணஞ் செய்தனர். மேல்நோக்கி வருங்கால் பல தோணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, முதற்றோணியிற் பெரிய சதுரப் பாயும், பின்னவற்றிற் படிப்படியாகச் சிறிய பாய்களும் விரித்து, ஒரு தொடராகச் செலுத்துவர். பாலத்தை அணுகும்போது பாய்மரத்தைச் சாய்த்துக் கடந்து மீண்டும் நிறுத்துவர். காற்று வாய்க்காத நாட்களில் ஏதேனும் ஒரு துறையில் தங்கியிருத்தலன்றி வேறு வழியில்லை. கரையோரத்துச் சிற்றூர்கள் பல வளர்ந்தமைக்குத் தோணிக்காரரின் இக்காத்திருப்பும் ஒரு காரணமாகும். அவ்வூர்களில் மதுச்சாலையும், கயிறு திரிப்போரும், பாய் தைப்போரும், தச்சரும் நிலைபெற்றனர். தோணிக்காரரின் காவலராகிய அர்ச். நிக்கலாசின் பெயரால் ஆலயங்களில் வழிபாடு நிகழ்ந்தது; நேர்த்திக்கடனாகச் சிறு மரக்கப்பல்களை ஆலயத்துள் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது.

வணிகமும் அதன் மறுபக்கமும்

தலைநகராகிய பாரிசு வேறொரு நதியின் கரையில் அமைந்தது. ஆயினும் லுவார் நதி வடக்கே வளைந்து பாரிசை மிக அணுகும் இடத்தில் ஓர்லெயான் அமைந்திருத்தலால், அந்நகர் பாரிசின் துறைமுகம்போலப் பயன்பட்டது. அங்கே சரக்கை இறக்கி வண்டிகளில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பினர். பின்னர் இரு நதிகளையும் இணைக்கும் முயற்சி எழுந்தது. நான்காம் ஆன்றி மன்னன் காலத்தில், அமைச்சர் சல்லியின் ஊக்கத்தால் 1604இல் தொடங்கிய பிரியார் கால்வாய் 1642இல் நிறைவேறியது. குன்றொன்றைக் கடந்து இரு நதிகளின் நீர்ப்பரப்புக்களைப் படிப்படியான நீரடைப்புக்களால் இணைத்த இக்கால்வாய், ஐரோப்பியப் பொறியியல் வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. 1692இல் ஓர்லெயான் கால்வாயும் திறக்கப்பட்டது.

நதிவணிகர் தமக்கென ஒரு சங்கத்தை மத்திய காலத்திலேயே அமைத்திருந்தனர். ஆற்றில் ஓடுபாதையைக் கழி நட்டு அடையாளமிடுதல், தடையாகக் கிடக்கும் மரங்களை அகற்றுதல், கரைப்பிரபுக்கள் விதித்த அளவற்ற சுங்கங்களை எதிர்த்து வழக்காடுதல் ஆகியன அதன் பணிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு அதனைக் கலைக்கும்வரை பல நூற்றாண்டுகள் அச்சங்கம் நிலவியது.

இந்நதியிற் சென்ற சரக்குக்கள் பல. கடற்கரை உப்பு, ஆஞ்சு நாட்டு மது, மலைநாட்டு நிலக்கரி, சொமூர்ப் பகுதியின் வெண்ணிறச் சுண்ணக்கல், தானியம், மரம் என்பன அவற்றுட் சில. வழியிலே புளித்துப்போன மதுவிலிருந்து ஓர்லெயானில் வினாகிரி செய்யுந் தொழில் வளர்ந்தது என்பர். இவையன்றி நாந்துத் துறையிலிருந்து மேலேறிய மற்றொரு பொருளும் உண்டு. அது மேலைத்தீவுகளின் கச்சாச் சர்க்கரை. ஓர்லெயானில் அதனைச் சுத்திகரிக்கும் ஆலைகள் பல பதினெட்டாம் நூற்றாண்டில் இயங்கின. அச்சர்க்கரை ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அக்காலத்திற் பிரான்சின் அடிமை வணிகத் துறைமுகங்களுள் முதன்மையாக நின்றது நாந்தே. அடிமைகளை வாங்குதற்கு ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பண்டங்களுள் இந்தியத் துணிகளும், அவற்றைப் பார்த்து நாந்தில் அச்சிடப்பட்ட துணிகளும் அடங்கும். பிரெஞ்சு இந்தியக் கம்பனி கீழைநாட்டிலிருந்து கொணர்ந்த பண்டங்களை 1730களின் தொடக்கம்வரை நாந்திலேயே ஏலத்தில் விற்றது. ஆகவே சோழமண்டலக் கரையின் தறிகளுக்கும் லுவார் நதியின் தோணிகளுக்குமிடையே, ஆபிரிக்க மக்களின் துயரத்தினூடாக, ஒரு தொடர்பு இருந்தமை தெளிவு. கரையூர்களில் இன்றும் அழகு குன்றாது நிற்கும் வணிகர் மாளிகைகளை நோக்குவோர், அவற்றை எழுப்பிய செல்வத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணுதல் தகும். 2012இல் நாந்து நகரத்து ஆற்றங்கரையிலேயே அடிமை ஒழிப்பு நினைவிடமொன்று திறக்கப்பட்டமை இவ்வுண்மையை அந்நகரம் மறைக்க விரும்பவில்லை என்பதைக் காட்டுகின்றது.

கரையூர்கள் சில

மேலிருந்து கீழ்நோக்கி வருவோர்க்கு, ஓர்லெயானுக்குச் சிறிது கிழக்கே கொம்புளே என்னும் ஊர் தோன்றும். ஓர்லெயான் கால்வாய் பழைய நாளில் நதியோடு கூடிய இடம் இது. நீரடைப்பும், சிறு பாலமும், தோணிக்காரரின் தாழ்ந்த வீடுகளும் இங்கே உள்ளன. ஓர்லெயானைக் கடந்து மேலும் சென்றால் சான் டியே என்னும் துறையை அடையலாம். 1519இல் முதலாம் பிரான்சுவா மன்னன் சாம்போர் மாளிகையைத் தொடங்கியபோது, கல்லும் மரமும் இறங்கியது இத்துறையிலேயே. மாளிகையைக் காண்போர் தொகையோடு ஒப்பிடுமிடத்து, அதனைச் சுமந்துவந்த துறையைக் காண்போர் மிகச் சிலரே.

வியென் என்னும் உபநதி லுவாருடன் கூடும் இடத்திலே காந்து என்னும் ஊர் அமைந்துள்ளது. தூர் நகரத்து ஆயராகிய அர்ச். மார்த்தின் கி. பி. 397இல் இங்கே உயிர்நீத்தார். அவருடைய உடலுக்குப் புவாத்தியே நகரத்தாரும் தூர் நகரத்தாரும் போட்டியிட்டனர் என்றும், தூர் நகரத்தார் இரவிலே அவ்வுடலைச் சன்னல் வழியாக வெளியே எடுத்துத் தோணியேற்றி நதிவழியே கொண்டு சென்றனர் என்றும் பழைய வரலாற்றாசிரியர் கூறுவர். தோணி சென்ற வழியெல்லாம், நவம்பர் மாதமாயிருந்தும், கரையிலே மலர் பூத்தது என்பது பிற்கால ஐதிகம். ஐதிகத்தை வரலாறாகக் கொள்ளல் இயலாதாயினும், புனிதரின் உடலும் நதிவழியே செல்லவேண்டியிருந்தது என்பதில், அந்நாளைய பெருவழி எது என்ற செய்தி அடங்கியிருக்கின்றது.

காந்தை அடுத்துள்ளது மொன்சொரோ. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த அதன் கோட்டை மாளிகையின் அடிச்சுவர் முன்னாளில் நதிநீரிலேயே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டைக்கும் நீருக்குமிடையே வீதி அமைத்தனர். இதற்கு அப்பாலுள்ள குன்றுகளில் வெண்கல் அகழ்ந்த குகைகள் நிரம்பியுள்ளன. அகழ்ந்த கல் தோணியேறித் தூரதேசஞ் சென்றது. அகழ்ந்த குழி உழைப்பாளர்க்கு வீடாயிற்று. மேலும் மேற்கே குனோ என்னும் ஊரில், நூற்றுக்கணக்கான சிற்பத் தூண்முடிகளைக் கொண்ட பழைய ஆலயம் உளது. லு தூரேய் என்னும் ஊர், மது வணிகத்தின் பொருட்டு ஒல்லாந்த வணிகர் வந்து தங்கிய துறையாகப் பெயர்பெற்றது.

ஆன்ஜே நகருக்குத் தென்மேற்கே, நதியின் நடுவிலுள்ள தீவொன்றில் பெயுவார் என்னும் சிற்றூர் இருக்கின்றது. தீவின் நடுவே எழும் பாறையோடு பாறையாக, பதினொராம் லூயி மன்னன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய சிற்றாலயம் அங்கே நிற்கின்றது. பாறையே ஒரு பக்கத்துச் சுவர். பெருவெள்ளக் காலங்களில் தீவு முழுவதும் நீருள் அமிழும். ஒவ்வொரு வெள்ளத்தின் மட்டமும் ஆண்டும் சுவரிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வூரார் வெள்ளத்தோடு போராடவில்லை. வெள்ளம் வரும் என்று அறிந்து, உயரத்தில் வீடமைத்து வாழ்ந்தனர்.

ஆஞ்சு நாட்டின் எல்லையில் இருப்பது அங்கிராந்து. பழைய ஆட்சியிலே உப்புவரி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது. ஆஞ்சு மக்கள் கடும் உப்புவரி செலுத்தினர். அயலிலுள்ள பிரெத்தாஞ் மக்கள் அவ்வரியினின்றும் நீங்கியிருந்தனர். ஆகவே அங்கிராந்துக்கு மேற்கே மலிவாக விற்ற உப்பு, கிழக்கே பல மடங்கு விலை பெற்றது. இரவிலே உப்பைக் கடத்துவோரும் அவரைப் பிடிக்கும் காவலரும் இக்கரையில் ஓயாது மோதினர். பிடிபட்ட ஆடவர் தண்டுவலிக்கும் கப்பல்களுக்கு அனுப்பப்பட்டனர். 1790இல் அவ்வரி நீக்கப்பட்டது.

இன்னுஞ் சிறிது மேற்கே, குன்றின்மேல் நிற்பது சான் புளோரான். 1793 மார்ச்சில் குடியரசுக்கு எதிரான வாந்தேக் கிளர்ச்சி மூண்ட இடங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு ஒக்டோபர் 17இல் சோலே என்னுமிடத்திற் தோல்வியுற்ற கிளர்ச்சியாளர், பெண்டிர், குழந்தைகள் உட்பட, மறுநாள் இங்கே பெருந்தொகையினராக நதியைக் கடந்தனர். ஆலயத்துள் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 5,000 குடியரசுக் கைதிகளைக் கொன்றுவிட வேண்டும் என்று பலர் கூக்குரலிட்டபோது, மரணக் காயமுற்றுக் கிடந்த போன்சாம் என்னும் தளபதி அவர்களுக்கு உயிர்ப்பிச்சை அளிக்குமாறு கட்டளையிட்டு, அன்றே உயிர்நீத்தார். அக்கைதிகளுள் ஒருவருடைய மகனே பின்னாளில் புகழ்பெற்ற சிற்பி தாவீது தாஞ்சே. தந்தையின் உயிரைக் காத்த எதிரியின் கல்லறைக்கு அவர் செதுக்கிய சிலை அவ்வாலயத்தில் இன்றும் காணக்கிடக்கின்றது.

அணைக்கரையின் வரலாறு

இவ்வூர்கள் பெரும்பாலும் குன்றின் அடியிலோ மேட்டிலோ அமைந்தவை. அவற்றினின்றும் வேறான மற்றொரு நிலம் நதியோரத்தில் உண்டு. அது வண்டல் நிறைந்த தாழ்வான சமவெளி. அதனைப் பயிர்நிலமாக்க விரும்பிய மக்கள், மத்திய காலத்தில் மண்ணும் மரமும் கொண்டு தாழ்ந்த அணைகளை அமைத்தனர். அவை சிறுவெள்ளத்தைத் தடுத்தன. பெருவெள்ளத்தைத் தம்மேலாக அமைதியாக வழியவிட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆஞ்சு நாட்டையும் இங்கிலாந்தையும் ஒருங்கே ஆண்ட இரண்டாம் என்றி மன்னன், அணைமீது குடியிருந்து அதனைப் பேணுவோர்க்குப் படைச்சேவையினின்று விலக்கு அளித்தான்.

பிற்கால மன்னர் இம்முறையை மாற்றினர். வெள்ளம் ஒருபோதும் மேலேறாதபடி அணையை உயர்த்த வேண்டும் என்பது அவர்தம் கொள்கையாயிற்று. நதியை ஒடுக்கினால் நீர் ஆழமாகி வணிகத்திற்கு உதவும் என்றும் எண்ணினர். பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் காலத்திலும் அதன் பின்னரும் இப்பணி விரைந்து நடந்தது. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் அணையை உயர்த்தினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அது ஏறத்தாழ 7 மீற்றர் உயரம் பெற்றது. அகன்று பரவி வலி குன்றவேண்டிய வெள்ளம், ஒடுங்கிய இடைவெளியில் மேன்மேலும் உயர்ந்தது. அணையை நம்பிச் சமவெளியில் மக்கள் தொகையும் பெருகியது. இவ்வாறு காப்பு மிகுந்த அளவுக்கு ஆபத்தும் மிகுந்தது.

1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளில், இருபது ஆண்டு இடைவெளியுள், மூன்று பெருவெள்ளங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் 1856 யூன் மாதத்து வெள்ளம் அணையை ஏறத்தாழ 160 இடங்களில் உடைத்தது. லா சப்பேல் என்னும் அணையோர ஊரில் உடைப்பெடுத்த நீர் வீடுகளை வாரிக்கொண்டு சென்றது. ஆன்ஜே நகரை அடுத்த திரெலாசேயின் கற்பலகைச் சுரங்கங்களும் நீருள் மூழ்கின. மூன்றாம் நெப்போலியன் தானே வந்து பாதிக்கப்பட்டோரைப் பார்வையிட்டான். கொமுவா என்னும் பொறியியலாளர், எல்லா வெள்ளத்தையும் அடைக்கும் அணை இயலாதது எனக் கண்டு, குறிப்பிட்ட இடங்களில் அணையைத் தாழ்த்தி வெள்ளத்தை அளவாக உள்ளே விடவேண்டும் என ஆலோசனை கூறினார். பழைய மத்திய கால மக்களின் முறையை, கணிதத்தின் வழியாக அவர் மீண்டும் அடைந்தார் எனலாம்.

தோணியின் மறைவு

அதே காலத்தில் நதிவணிகமும் மறைந்தது. 1830களில் நீராவிக் கப்பல்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. கொதிகலன் வெடித்து உயிரிழப்பு நேர்ந்தமையால், அச்சம் நீக்கும்பொருட்டு ஒரு கம்பனி தன் கப்பல்களுக்கு ‘வெடிக்காதவை’ என்றே பெயரிட்டது. ஆனால் அவற்றின் வாழ்வு குறுகியது. பாரிசிலிருந்து புகையிரதம் 1843இல் ஓர்லெயானையும், 1846இல் தூர் நகரையும், 1851இல் நாந்தையும் அடைந்தது. காற்றுக்காகக் காத்திராத வண்டியோடு பாய்த்தோணி போட்டியிட முடியவில்லை. ஒரு தலைமுறைக்குள் பல நூற்றாண்டுத் தொழில் அழிந்தது. தோணிக்காரர் சிலர் உழவராயினர், சிலர் மீன்பிடித்தனர், பலர் ஊரை விட்டகன்றனர். அவர்களுடைய மன்னர்க்கு இருந்ததுபோல் அவர்களுக்கு வரலாறு எழுதுவோர் அந்நாளில் இலர். துறைச்சரிவுகளிற் பதித்த இரும்பு வளையங்களும், ஆலயத்திற் தொங்கும் மரக்கப்பலுமே அவர்கள் விட்டுச்சென்ற சாசனம்.

புதிய வழியும் அதன் பொருளும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நதியைப் பற்றிய பழைய வினா மீண்டும் எழுந்தது. 1980 செப்தெம்பரில் மேலை லுவார்ப் பகுதியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் எண்மர் உயிரிழந்தனர். அதன்பின் பெரிய நீரணைகள் சில கட்டத் திட்டமிடப்பட்டது. இயற்கைப் பாதுகாப்பாளரும் கரைவாழ் மக்களும் அதனை எதிர்த்தனர். செர் டி லா பாரு என்னுமிடத்தில் அணை எழவிருந்த நிலத்தில் 1989 முதல் முகாமிட்டுத் தங்கினர். முடிவில் அவ்வணை கைவிடப்பட்டது. 1994இல் அரசு வகுத்த புதிய திட்டம், மக்களைக் காத்தல், நதியின் இயல்பைப் பேணுதல், பொருளாதார வளர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருங்கு நோக்கியது. 1998இல் உபநதிகளிலிருந்த இரு பழைய அணைகளும் மீன்கள் மேலேறும்பொருட்டு இடிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில், சுல்லிக்கும் சலோனுக்குமிடைப்பட்ட லுவார்ப் பள்ளத்தாக்கு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அரண்மனைகளை மாத்திரமன்றி, ஊர், துறை, அணை, வயல் யாவும் சேர்ந்த நிலக்காட்சி முழுவதையும் அம்மதிப்பு உள்ளடக்கியது.

இக்காலத்திலேயே துவிச்சக்கர வண்டிப் பாதையும் உருப்பெற்றது. நெவேர் நகரை அடுத்த கூபி என்னும் ஊரிலிருந்து கடற்கரையிலுள்ள சான் பிரெவான் வரை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் செல்லும் இப்பாதை, அத்திலாந்திக்கிலிருந்து கருங்கடல்வரை நீளும் ஐரோப்பியப் பெருவழியின் ஒரு பகுதியாகவும் விளங்குகின்றது. பெரும்பகுதி ஏற்ற இறக்கமின்றி அமைந்திருத்தலால் முதியோரும் சிறுவரும் எளிதிற் செல்லலாம். எனினும் கடலை நோக்கிச் செல்வோர் ஒன்றை விரைவில் உணர்வர். தோணியை மேலேற்றிய அதே மேல்காற்று அவர்தம் முகத்தில் அறையும். நூல்களிற் படித்துப் பெறும் அறிவை அவ்வெதிர்காற்று ஒரு நாழிகையிற் புகட்டிவிடும்.

புகையிரதத்திலோ மோட்டார் வண்டியிலோ செல்வோர் அரண்மனைக்கும் அரண்மனைக்கும் இடையிலுள்ளதைக் காணார். துவிச்சக்கர வண்டியிற் செல்வோர்க்கோ இடையிலுள்ளதே பயணமாகின்றது. அணைமுடியில் நின்று நோக்குங்கால், ஒரு பக்கத்தில் நதியும், மறுபக்கத்தில் நதியினும் தாழ்வாகக் கிடக்கும் வயலும் வீடும் ஒருங்கே தோன்றும். வெள்ளம் பெருகும் நாளில் அவ்வீடுகளின் நிலை யாது என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. அத்தாழ்நிலத்தில் இன்றும் இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். 1866ஐ ஒத்த பெருவெள்ளம் நடு லுவாரில் அதன்பின் நிகழவில்லை. அதனாலேயே அதன் நினைவும் மங்கியிருக்கின்றது. சுவர்களிற் பொறித்த வெள்ளக்குறிகள், பார்வையாளருக்கு வேடிக்கையாக அன்றி, அங்கு வாழ்வோர்க்கு எச்சரிக்கையாகவே பொறிக்கப்பட்டவை.

வரலாறு கற்கும் மாணவர்க்கு லுவார்க் கரை உணர்த்துவது ஒன்றுண்டு. அரசர் பெயரையும் போரின் ஆண்டையும் மனனஞ் செய்வது வரலாற்றின் ஒரு பகுதியே. ஓர் ஊரின் துறைப்படி ஏன் அத்துணை அகலமாக அமைந்தது, வீட்டின் வாசல் ஏன் மேல்மாடியில் வைக்கப்பட்டது, அணை எந்த ஆண்டில் எவரால் உயர்த்தப்பட்டது என்று வினவுதலும் வரலாறேயாம். அவ்வினாக்களை எழுப்புவோர்க்கு, பெயரறியாத் தோணிக்காரரும் உப்புக் கடத்தியோரும் கல்லகழ்ந்தோரும் மன்னரோடு ஒக்க வரலாற்றில் இடம்பெறுவர்.